ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ்: லூரை விடுங்கள், முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள் – முழுமையான வழிகாட்டி

படகைக் கரையேற்றும் இடத்தில் யாராவது நல்ல மீனோடு வந்து நின்றால், சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எதுல அடிச்சுது?" என்பதுதான். பதிலைக் கேட்டவர் அன்றைக்கே அந்த லூரை, அதாவது முள் கோர்த்த செயற்கை இரையை, வாங்கி, அடுத்த வாரம் அதே ஏரியில் நாள் முழுக்க வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். நானும் பல வருடம் டப்பா டப்பாவாக லூர் சேர்த்தவன்தான். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு: தண்ணீர் எத்தனை டிகிரி? மீன் எத்தனை அடியில்? இவை தெரிந்துவிட்டால் எந்த லூர் என்பது அநேகமாகத் தானாகவே முடிவாகிவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியும் தண்ணீரின் சூட்டை வைத்தே நகர்கிறது. பனி உருகும் வசந்தத்தில் தொடங்கி, ஏரி மறுபடி உறையப்போகும் காலம் வரை போகிறோம். வட அமெரிக்காவின் பேரேரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தெளிந்த, பாறை நிறைந்த ஏரிகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பற்றிக் கொஞ்சம்

வாயை மூடிய நிலையில் பாருங்கள். மேல்தாடையின் பின்முனை கண்ணைத் தாண்டாமல் நின்றால் ஸ்மால்மவுத்; கண்ணைக் கடந்து பின்னால் போனால் அதன் உறவான லார்ஜ்மவுத் பாஸ். உடல் வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மங்கிய பட்டைகள், பல சமயம் சிவந்த கண். 1802-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் இதற்கு 'மைக்ரோப்டெரஸ்', அதாவது 'சிறு துடுப்பு' என்று பெயர் வைத்தார். அவர் கைக்கு வந்த மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்திருந்தது. கிழிசலைத் தனித் துடுப்பு என்று நினைத்துவிட்டார். தவறு தெரிந்த பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தூண்டில்காரருக்கு முக்கியமானது இதன் சாப்பாடு. பாறை இடுக்கில் ஒளியும், இறால் போன்ற கிரேஃபிஷ் முதல் விருப்பம். அடுத்து ஸ்மெல்ட், ஏல்வைஃப், குட்டி பெர்ச் என்று கூட்டமாய்த் திரியும் பொடிமீன்கள். 1990-ல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ரவுண்ட் கோபி என்ற வந்தேறி மீன், பேரேரிகளில் இந்தப் பட்டியலையே மாற்றிவிட்டது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் கொழுத்த மீன் அது. ஸ்மால்மவுத் தின்று பருத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வந்து சேர்ந்த வரிச்சிப்பிகள், அதாவது ஸீப்ரா மஸல்கள், தண்ணீரை வடிகட்டிக் கண்ணாடி போல ஆக்கிவிட்டன. விளைவு, மீன் பெரிதானது, இன்னும் ஆழத்துக்கு இறங்கியது, தூண்டில் நரம்பைத் தூரத்திலிருந்தே பார்க்கவும் தொடங்கியது. கீழே நான் சொல்லும் மெல்லிய நரம்பு, நீண்ட வீச்சு, தரையோடு இழுப்பது எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

எவ்வளவு பெரிதாகும்? உலக சாதனை 11 பவுண்டு 15 அவுன்ஸ். 1955 ஜூலை 9 அன்று டென்னசி–கென்டக்கி எல்லையில் உள்ள டேல் ஹாலோ ஏரியில் டேவிட் ஹேய்ஸ் பிடித்தது. இடையில் ஒரு சர்ச்சையால் 1996-ல் பட்டியலிலிருந்து எடுத்து, 2005-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2022 நவம்பரில் பேரேரிகளில் ஒன்றான 'ஈரி' (Erie) ஏரியில் ஒன்று 10 பவுண்டைத் தாண்டியது. நமக்கு 3 பவுண்டு மீனே கையை ஆட்டிவிடும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஒரு தூண்டில் கோல் என்றால் 7 அடி நீளம், நடுத்தர வலு, நுனி மட்டும் வேகமாக வளையும் ஸ்பின்னிங் கோல். 2500 அல்லது 3000 அளவு ரீல். ரீலில் 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நரம்பு, அதன் முனையில் 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது முன்நரம்பு, உங்கள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பிரெய்ட் இழுபடாது, அதனால் 30 அடிக்குக் கீழே நடப்பது விரலுக்குத் தெரியும்; ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் படாது. இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. அது வரவில்லை என்றால் இரட்டை யூனி போதும். எந்த முடிச்சையும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள்.

நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை லீடரின் கடைசி இரண்டு அடியை விரல் நகத்துக்கும் பெருவிரலுக்கும் நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்பாக எங்காவது தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். வரிச்சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி. "இன்னும் ஒரே ஒரு வீச்சு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று நான் நினைத்த நாளில்தான் அந்த வருடத்தின் மிகப் பெரிய மீன் படகுக்குப் பக்கத்தில் ஒருமுறை குதித்துவிட்டு, லூரையும் கொண்டுபோனது.

எடைகளை நாம் பழக்கத்தில் 'ஈயம்' என்றே சொல்வோம். ஆனால் லூன் பறவைகள் அதை விழுங்கிச் சாவதால் பல மாநிலங்கள் சின்ன ஈய எடைகளைத் தடுத்திருக்கின்றன. நியூயார்க்கில் அரை அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய எடைகளை 2004 முதல் விற்கவே கூடாது. டங்ஸ்டன் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் அதே எடைக்கு உருவம் சிறியது, தரையின் தன்மையையும் நன்றாகச் சொல்லும்.

இவற்றோடு ஒரு வெப்பமானி. ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் படகின் சோனாரிலேயே இருந்தால் நல்லது. கரையிலிருந்து வீசுகிறவர் என்றால் கயிற்றில் கட்டி இறக்கும் சாதாரண வெப்பமானியே போதும்.

5 முதல் 15 டிகிரி வரை: பொறுமையின் காலம்

பனி உருகியதும் மீன் இன்னும் குளிர்கால இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதாவது ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பு. தண்ணீர் 8 டிகிரியைத் தொட்டதும் அங்கிருந்து முட்டையிடும் திட்டுகளை நோக்கி நகரத் தொடங்கும். வரைபடத்தில் தேட வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழியைத்தான்: ஆழத்திலிருந்து மேடேறும் பாறை முனைகள், சரளைத் திட்டின் வெளி ஓரம், 6 முதல் 15 அடி. வெயில் நாளில் மதியத்துக்குப் பிறகு போங்கள். இந்தப் பருவத்தில் விடியற்காலையில் எழுந்து போவது தூக்கத்துக்குத்தான் நஷ்டம். வடகரை தெற்கிலிருந்து வரும் வெயிலை வாங்கி முதலில் சூடாகும். ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் போதும், மீன் அங்கே சேர்ந்துவிடும்.

இப்போதைக்கு ராஜா ஜெர்க்பெய்ட். ஒல்லியான மீன் வடிவம், நிறுத்தினால் மிதக்காமலும் மூழ்காமலும் அந்தரத்தில் நிற்கும் வகை. வீசி, நாலைந்து சுற்று வேகமாகச் சுற்றி ஆழத்துக்கு இறக்குங்கள். பிறகு கோல் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி இரண்டு சுண்டு சுண்டுங்கள். நிறுத்துங்கள்.

எல்லோரும் கோட்டைவிடுவது இந்த நிறுத்தத்தில்தான். தண்ணீர் 8 டிகிரி என்றால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், சில நாள் இருபது வரை. 13 டிகிரி என்றால் மூன்று நான்கு போதும். சுண்டிய உடனே கோலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நரம்பில் தொய்வு விடுங்கள். நரம்பு விறைத்திருந்தால் லூர் நிற்காமல் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். கடி நிறுத்தத்தில்தான் விழும், அதுவும் அடியாக விழாது. அடுத்த சுண்டலுக்குக் கோலை அசைக்கும்போது ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம் தெரியும். பாசி என்று நினைத்து ஏமாறாமல் நிதானமாகப் பக்கவாட்டில் இழுங்கள்.

ஒரு நுணுக்கம்: குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கூடுதல். மே மாதத்தில் கச்சிதமாக நின்ற லூர் ஏப்ரலில் மெல்ல மேலே மிதந்துவிடலாம். படகின் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் முன் முள்ளை ஒரு அளவு தடித்ததாக மாற்றுங்கள். மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்பதே நல்ல அறிகுறி.

ஜெர்க்பெய்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் மீனுக்கு மராபூ ஜிக். ஜிக் என்றால் எடைத் தலை கொண்ட முள்; இது இறகு கட்டிய 2 முதல் 3.5 கிராம் கறுப்பு ஜிக். எடை இல்லாததால் நீளமான கோலும் மெல்லிய நரம்பும் வேண்டும். வீசி, தரையைத் தொடாத அளவுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சுண்டாதீர்கள், ஆட்டாதீர்கள், ஒன்றுமே செய்யாதீர்கள். இறகு தானே மூச்சு விடும். கை சும்மா இருக்க மறுப்பதால் என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இது வரவே இல்லை.

15 முதல் 18 டிகிரி வரை: கூட்டை விட்டு விலகுங்கள்

ஆண் மீன் சரளையை வாலால் கூட்டி வட்டமாகக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுக்குத்தான், குஞ்சுகள் நீந்திப் பிரியும் வரை. தெளிந்த தண்ணீரில் கூடு வெளுத்த தட்டு மாதிரி தெரியும், எதைப் போட்டாலும் ஆண் வந்து தாக்கும். அதனால் பிடிப்பதில் திறமை ஒன்றும் இல்லை. பேரேரிகளில் காவல் விலகிய சில நிமிடத்தில் கோபிகள் கூட்டுக்குள் புகுந்துவிடும். மீனைத் திரும்ப விட்டாலும் அது காக்கப் போகும் கூட்டில் முட்டை இருக்காது.

சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க்கின் பொது விதிப்படி ஜூன் 15 முதல் நவம்பர் 30 வரைதான் பாஸை வைத்துக்கொள்ளலாம், மற்ற நாளில் பிடித்ததும் விட்டுவிட வேண்டும். வேறு சில இடங்களில் முட்டைப் பருவத்தில் குறிவைத்துப் பிடிப்பதே குற்றம். உரிமத்தோடு வரும் அந்த வருடத்து விதிப் புத்தகத்தில், நீங்கள் போகும் ஏரியின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

18 முதல் 22 டிகிரி வரை: தண்ணீர் மேல் வெடிக்கும் காலைகள்

குறுகிய பருவம், சந்தோஷமான பருவம். ஆழத்துக்குப் பக்கத்தில் உள்ள பாறை மேடுகளின் மேல், விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம், இடமும் வலமும் நடக்கும் மேல்நீர் லூர். தண்ணீரைப் பிளந்துகொண்டு மீன் வரும்போது கை தானாகச் சுண்டும், அதை அடக்குங்கள். கனம் கையில் தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும். தவறவிட்டால் லூரை அதே இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் திரும்ப வரும். காற்று எழுந்து அலை அடித்தால் சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட்டுக்கு மாறி, காற்று மோதும் முனையில் வேகமாகச் சுற்றுங்கள்.

22 டிகிரிக்கு மேல்: ஆழத்தில் தேடும் கோடை

கரையோரத்தில் கையளவு குட்டிகள் மட்டும் கடிக்கத் தொடங்கினால் பெரியவை இறங்கிவிட்டன என்று அர்த்தம். 20 முதல் 35 அடி, கரையிலிருந்து தள்ளி நடு ஏரியில் மறைந்திருக்கும் மேடுகள். சின்ன ஏரிகளில் கோடையில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீருமாக அடுக்கு பிரியும். கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் ஏரி என்றால், அந்தக் கோட்டுக்குக் கீழே தேடுவது வீண். சோனாரில் உணர்திறனைக் கூட்டினால் மங்கிய பட்டையாக அந்தக் கோடே தெரியும்.

வெறும் மேடு போதாது. மணல் பரப்பில் தனியாகக் கிடக்கும் நாலு பாறை, சரளை முடிந்து சேறு தொடங்கும் விளிம்பு என ஒன்று இன்னொன்றாக மாறும் இடத்தில்தான் மீன் நிற்கும். அப்படி ஒரு இடம் கிடைத்தால் குறித்து வையுங்கள். அடுத்த வருடமும் அதே வாரத்தில் அங்கே மீன் இருக்கும்.

இடம் தெரியாதபோது நான் தொடங்குவது டியூப். உள்ளே கூடான, பின்னால் விழுதுகள் தொங்கும் மூன்றரை அங்குல ரப்பர் இரை. எடையை அதன் தலைக்குள் செருகிவிட வேண்டும். 15 அடிக்குள் 7 கிராம், 25 அடி வரை 10, அதற்கும் கீழே 14. படகைக் காற்றில் மிதக்கவிட்டு, காற்று வரும் பக்கமாக வீசித் தரையைத் தொட்டதும் படகே இழுத்துக்கொண்டு போகட்டும். படகு வேகமாக ஓடினால் மிதவைப் பையைத் தண்ணீரில் போட்டு அடக்குங்கள். ஆள்காட்டி விரலை நரம்பில் வைத்துக்கொண்டு காதால் கேட்பது போலக் கேளுங்கள்: மணல் வழவழவென்று ஒன்றும் சொல்லாது, சிப்பிப் படுகை நறநறக்கும், பாறை டொக் என்று தட்டும், பாசி ரப்பர் மாதிரி இழுபட்டு விடும். இந்த நாலும் பழகிவிட்டால் ஐந்தாவதாக ஒன்று வரும்போது சந்தேகமே இருக்காது. டிக் என்று ஒரு சொடுக்கு, அல்லது திடீரென்று எடையே இல்லாத வெறுமை. கோபியையோ கிரேஃபிஷையோ தின்ன வந்த மீன் அது. உடனே சுற்றித் தொய்வை எடுத்து இழுங்கள்.

டியூபில் ஒன்று மாட்டிய இடத்தில், அல்லது சோனாரில் மீன் கோடாகத் தெரிந்த இடத்தில், டிராப்ஷாட். இது தலைகீழான அமைப்பு: எடை கீழே, முள் மேலே. 1 அல்லது 2-ம் எண் முள்ளைப் பாலமர் முடிச்சில் கட்டும்போது வால் நரம்பை ஒன்றரை அடி நீளமாக விட்டுவிடுங்கள். முடிச்சை இறுக்கிய பின் அந்த வாலை முள்ளின் கண்ணுக்குள், முள்முனை இருக்கும் பக்கத்திலிருந்து மறுபடி நுழைத்து எடுத்தால் முள் நரம்புக்குக் குறுக்காக, முனை மேலே பார்த்தபடி நிற்கும். வாலின் முடிவில் 10 முதல் 14 கிராம் எடை. மூன்று அங்குல மீன் வடிவ ரப்பரை மூக்கில் மட்டும் குத்துங்கள்.

படகை மீனின் மேலேயே நிறுத்தி நேராக இறக்குங்கள். எடை இறங்குவது சோனாரில் சாய்கோடாகத் தெரியும். மீனின் கோடு மேலெழுந்து அதைச் சந்திக்க வந்தால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். எடை தரையில் இருக்கட்டும், நரம்பு மட்டும் லேசாக விறைத்திருக்கட்டும். ஆட்ட வேண்டாம், படகு அலையில் ஆடுவதே போதும். கடித்தால் சுண்டவும் வேண்டாம். மெல்லிய முள், சுற்றிக்கொண்டே கோலைத் தூக்கினால் தானே ஏறும். ஒரு நிமிடத்தில் எதுவும் நடக்கவில்லை என்றால் அடுத்த பாறைக்குப் போங்கள். இந்த மீன் ஊர் சுற்றி. அரை மணி முன்பு இருந்த இடத்தில் இப்போது இருக்காது, ஒரு மணி கழித்துத் திரும்பவும் வரும்.

கரையிலிருந்து வீசுகிறவர்களுக்கும், எதுவும் கடிக்காத நாளுக்கும் நெட் ரிக். காளான் வடிவத் தலை 3 முதல் 5 கிராம், அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் துண்டு. பார்க்க ஒன்றுமில்லாதது, ஆனால் தரையில் வால் தூக்கி நிற்கும். இதற்கென்று விற்கும் இழுபடும், மிதக்கும் ரப்பரை மற்ற ரப்பர் இரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். நான் போட்டேன். ஒரு வெயில் நாளில் திறந்தபோது எல்லாம் உருகி, பச்சையும் பழுப்புமாக ஒரே களி.

நிறம், வெளிச்சம், காற்று

நிறத்துக்கு நான் மூளையைச் செலவழிப்பதில்லை. தரையில் போகும் இரைக்குப் பச்சை கலந்த பழுப்பு, நடுநீரில் போவதற்கு வெள்ளி அல்லது வெள்ளை, மங்கிய நாளுக்குக் கறுப்பு. நாலாவது நிறம் கடைக்காரருக்காக.

வெயில் அடித்தால் கடிக்காது என்பது இந்த மீனுக்குப் பொருந்தாது. கண்ணால் வேட்டையாடுவது, தெளிந்த நீரில் பளீரென்ற மதியத்திலும் நன்றாகச் சாப்பிடும். கண்ணாடி போல அசையாத தண்ணீர்தான் எதிரி. பாதுகாப்பான அளவுக்குச் சிற்றலை எழுந்தால், அலை மோதும் பக்கத்துக்கே போங்கள்.

15 டிகிரியிலிருந்து இறங்கும்போது

இலையுதிர் காலத்தில் மீன் கூட்டம் சேரும், குளிர்காலத்துக்காகத் தின்று கொழுக்கும். பெரிய மீனுக்கு இதுவே நேரம். 15 முதல் 10 டிகிரி வரை பொடிமீன் கூட்டத்தைத் தேடி, நீந்தும் மீன் போன்ற நாலு அங்குல ஸ்விம்பெய்ட்டைத் தரைக்கு இரண்டடி மேலே மெதுவாக ஓட்டுங்கள். 10 டிகிரிக்குக் கீழே பிளேட்பெய்ட்: மீன் வடிவில் வெட்டிய உலோகத் தகடு, 14 கிராம். தரைக்கு இறக்கி, கோலை ஒரு சாணுக்குத் தூக்குங்கள், நுனியில் கிர்ரென்ற அதிர்வு தெரிந்ததும் நிறுத்துங்கள், நரம்பு விறைப்பாகவே இருக்கும்படி இறக்குங்கள். கடி இறங்கும்போதுதான். ஆர்வத்தில் மூன்றடி தூக்குவது எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மீன் மாட்டினால் இடத்தை விட்டு நகராதீர்கள், கீழே இன்னும் பத்து நிற்கலாம்.

இந்தக் குளிரில் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. உயிர்காப்பு மேலாடை உடம்பில் இருக்க வேண்டும், படகின் பெட்டிக்குள் அல்ல.

மாட்டிய பிறகு

ரீலின் டிராக்கை, அதாவது இழுத்தால் நரம்பை விடும் பிடியை, முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். கையால் உறுதியாக இழுத்தால் நரம்பு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். குதிக்கப்போகிறது என்பது நரம்பு தண்ணீரில் சரிந்து மேலேறுவதில் தெரியும். அப்போது கோல் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே இறக்குங்கள். படகைப் பார்த்ததும் கடைசியாக ஒருமுறை கீழே பாயும். வலையை வைத்து அவசரப்படாதீர்கள். ரப்பர் பின்னிய வலையே நல்லது, நூல் வலை செதிலின் வழவழப்பை உரித்துவிடும்.

வடக்கத்தி ஏரிகளில் இது மெதுவாக வளரும் மீன். 20 அங்குலத்தைத் தொட பத்து வருடம் போல ஆகும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், வயிற்றுக்கும் ஒரு கை கொடுத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள், படம் ஒன்று எடுத்ததும் விடுங்கள்.

30 அடி போன்ற ஆழத்திலிருந்து வந்த மீன் சில சமயம் விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். காற்றுப்பை ஊதிப்போயிருக்கிறது, அதனால் கீழே போக முடியவில்லை. ஊசியால் குத்திக் காற்றெடுக்கும் முறை உண்டு, நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்யாதீர்கள். எளிய வழி, கீழ்த்தாடையில் மாட்டும் எடை கட்டிய கவ்வி. மீனை அதில் மாட்டிப் பிடித்த ஆழத்துக்கே இறக்குங்கள். பாதி ஆழத்தில் அழுத்தம் திரும்பி வர, நரம்பில் வால் அடிப்பது தெரியும். அப்போது ஒரு சுண்டு சுண்டினால் கவ்வி கழன்று மேலே வந்துவிடும்.